பச்சைப் பட்டினி

கரும்பைப் பல்லால் உரிக்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது அம்மா. சரக்கென்று ஒரு தோல் நுனிவரை கிழிந்து வரும். அப்புறம் கணுவை ஒடிக்கிற மடக். அப்புறம் கடி. ஐம்பத்தெட்டு வருஷத்துச் சத்தம். என் தங்கை குழலிக்கு அப்போது ஏழு வயது. முசிறியில் எங்கள் வீட்டு முனையில் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள் மெதுவாகத் திரும்பும். பின்னாலேயே ஓடி ஒரு கழியை உருவிவிடுவாள். நான் உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து வேண்டுமென்றே சத்தமாகக் கடிப்பாள்.

"மெதுவாக் கடிடி, மாடுகூட இப்படித் தின்னாது" என்பேன்.

"மாட்டுக்கு மேல்வரிசைல முன்னம்பல்லு கெடையாதுக்கா. எனக்கு இருக்கு" என்பாள்.

அது கிடக்கட்டும். உட்காருங்கள். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றால் அது சீக்கிரம் திறந்துவிடாது. உங்கள் வீட்டுக்காரருக்குக் காதுக்குப் பின்னால் கட்டி என்றீர்கள். எனக்குக் கட்டி இல்லை, முகத்து நரம்பு. ஆனால் கதவு ஒன்றுதான், இயந்திரமும் ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், இதே நாற்காலி வரிசையில்தான் குழலி எனக்காக உட்கார்ந்திருந்தாள். இப்போது நான் பரிசோதனைக்கு வந்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார்கள். தனியாகத்தான் வந்தேன். ஏன், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்திருக்கிறீர்கள்? விரதமா? வெள்ளிக்கிழமை. சரி, சரி. அது உங்கள் இஷ்டம்.

உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படுவது மேல். முதலில் தலையில் ஒரு சட்டம் மாட்டுவார்கள். நெற்றியில் இரண்டு இடம், பின்மண்டையில் இரண்டு இடம், ஊசி போட்டு மரக்கவைத்துவிட்டு நாலு திருகாணி. ஊசி எறும்பு கடிக்கிற மாதிரி என்பார்கள். நம்பாதீர்கள், குளவி. ஆனால் திருகும்போது வலி கிடையாது. சத்தம்தான். வெளியே யாருக்கும் கேட்காது. மண்டை ஓட்டுக்குள்ளேயே கறக், கறக்கென்று, யாரோ நம்மை அலமாரி என்று நினைத்துப் பூட்டுப் போடுகிற மாதிரி. அந்த இளைய டாக்டர், "தலையில பாரமா இருக்காம்மா?" என்றார். "முப்பத்தொரு வருஷம் கிளை நூலகத்துல வேலை பாத்தேன் டாக்டர். தலைக்கு மேல நாலு ஆபீசர் எப்பவும் இருப்பாங்க. இது அதைவிட லேசுதான்" என்றேன். சிரித்துவிட்டார். அதற்குள் கன்னத்தில் ஒரு வெட்டு வெட்டியது. என்னால் சிரிக்க முடியவில்லை.

கத்தி கிடையாது. ஒரு முடிகூடச் சிரைக்க வேண்டியதில்லை. பெரிய டாக்டர் எனக்குப் படம் போட்டே விளக்கினார். இருநூறு மெல்லிய கதிர்கள், பல திசையிலிருந்தும் வரும். தனித்தனியாக ஒவ்வொன்றும் ஒன்றும் செய்யாது. எல்லாம் வந்து கூடுகிற ஒரு கடுகளவு இடத்தில்தான் வேலை நடக்கும். ஸ்கேனில் அந்தக் கடுகைத் தொட்டுக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வலி எப்படி வந்தது தெரியுமா? ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. வலது கன்னம். கரண்டுக் கம்பியை ஈறுக்குள் சொருகி எடுத்த மாதிரி. நாலே விநாடி. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி வெறும் காலைநேரம், வெறும் குழாய்த் தண்ணீர். பல்வலி என்றுதான் நினைத்தேன். யார்தான் நினைக்கமாட்டார்கள்? எங்கள் ஊர்ப் பல் டாக்டர் என் நூலகத்தில் உட்கார்ந்து படித்து முன்னுக்கு வந்தவர். மிகுந்த மரியாதையோடு ஒரு பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. அடுத்ததையும் மரியாதையோடு பிடுங்கினார். நாலு பல். நாலும் நல்ல பல் என்று பிறகு தெரிந்தது.

அப்புறம் நாலு வருஷம். பேசினால் வரும். மென்றால் வரும். காற்றுப் பட்டால் வரும். சித்திரை வெயிலில் வீட்டில் மின்விசிறி போடக் கூடாது. முகத்தில் பாதிதான் கழுவுவேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. மாத்திரை போட்டால் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. வந்தபோதுகூட அல்ல அம்மா, வராதபோதுதான் கொடுமை. இதோ வரும், இதோ வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூக்கு மேடையில் நிற்கவைத்துவிட்டு எல்லாரும் காப்பி குடிக்கப் போய்விட்ட மாதிரி.

குழலி என்னோடு இருந்தாள். அவள் முழுப்பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மன் பெயர். எனக்கு ஆனைக்காவல் அம்மன், அகிலாண்டம். அப்பா ஊரில் ஒரு அம்மனையும் விட்டுவைக்கவில்லை. அவள் புருஷன் பஸ் கண்டக்டர். சின்ன வயதிலேயே போய்விட்டார், குழந்தை இல்லை, என்னிடம் வந்தாள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீடு. சமையல் அவளுடையது, புத்தகம் என்னுடையது.

மெல்ல முடியாதவளுக்கு இன்னொருவர் மெல்லுகிற சத்தம் தாங்காது. உங்களுக்குப் புரியாது. அவள் அப்பளத்தை நொறுக்கினால் என் கன்னம் வெட்டி இழுக்கும். "கொல்லைல போய்த் தின்னுடி" என்றேன். போய்த் தின்றாள், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து. அப்புறம் அப்பளத்தையே விட்டுவிட்டாள். கார்த்திகை மாதம் என்று நினைக்கிறேன், எனக்குக் குழைக்கிற சாதத்திலேயே அவளும் சாப்பிட ஆரம்பித்தாள்.

"உனக்கென்னடி கேடு, முப்பத்திரண்டும் முழுசா இருக்குல்ல" என்றேன்.

"ரெண்டு உலை எதுக்குக்கா, கேஸ் தண்டம்" என்றாள்.

ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். மடக், மடக். அந்தச் சத்தமும் எனக்கு ஆகவில்லை. சொன்னேன். அதிலிருந்து நான் கை கழுவி எழுந்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். பொறுமைசாலி என்று நீங்கள் நினைத்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. பொறுமையைக் காட்டிக்கொண்டே இருப்பதும் ஒரு வன்மம்தான். பொங்கலுக்குக் கரும்பு வாங்கிவந்து மூலையில் சாத்தினாள். கடிக்கவில்லை. கடைக்கு எடுத்துப் போய்ச் சாறாகப் பிழிந்து தூக்கில் கொண்டுவந்தாள். பார்த்தீர்களா, எனக்குப் பரிந்து செய்கிறாளாம். நானும் ஒரு டம்ளர் குடித்தேன், இடது பக்கம் சாய்ந்துகொண்டு, சொட்டுச் சொட்டாக.

இங்கே வருவதற்காகக் குளித்தலையில் ரயில் ஏறப் போனோம். பஸ் பாலத்தில் போகும்போது கீழே காவிரி வெறும் மணல். நான் அவளிடம் சொன்னேன். "இதுவும் கேக்கலைன்னா, ஆடில தண்ணி வரும்ல, அதோட நான் போயிடுவேன் குழலி. என்னைத் தேடாத."

முசிறிப் பாலம் நீளமான பாலம். அது முடிகிற வரைக்கும் அவள் கீழே மணலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "ஆடிக்கு இன்னும் நாள் இருக்குல்ல. அதுவரைக்கும் வேற எதையும் பேச வேணாம்க்கா. உன் வலியை மட்டும் பாப்போம்" என்றாள்.

வேறு எதை என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

அன்றைக்குச் சட்டத்தோடு என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு இந்த ஹால் வழியாகத்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். குழலி என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நர்ஸ் வந்து, "உங்க தங்கச்சி வாந்தி எடுக்கறாங்கம்மா. காலைல வந்ததுலேருந்தே எடுக்கறாங்க" என்றார். "அவளுக்கு ரத்தத்தைப் பாத்தா ஆகாது" என்றேன். என் நெற்றியில் ரத்தம் இல்லை. சட்டத்தைக் கழற்றும்போதுதான் ரெண்டு சொட்டு வந்தது. பெரிய டாக்டர்கூட அவளைப் பார்த்து, "நீங்க ஏம்மா இப்படி இளைச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "அக்காவைப் பாத்துக்கிட்டதுல டாக்டர்" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! நான் என்னவோ அவளைத் தின்றுவிட்ட மாதிரி. அன்று சாயங்காலம் அதற்காக அவளைத் திட்டினேன்.

சரி, இயந்திரத்தைச் சொல்லாமல் விட்டேனே. படுக்கவைத்துச் சட்டத்தைப் படுக்கையோடு பொருத்திவிடுவார்கள். டக்கென்று ஒரு தாழ்ப்பாள். தலையை அசைக்கவே முடியாது. "என்ன பாட்டு போடட்டும்மா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். "எதுவும் வேணாம். சத்தமில்லாம இருக்கட்டும்" என்றேன். எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். கதவு மூடியது. படுக்கை மெல்ல உள்ளே போனது. அப்புறம் ஒன்றுமே இல்லை அம்மா. சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, ஓசை இல்லை. நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் பலகையில் எழுதி மாட்டியும் கிடைக்காத மௌனம். நாற்பத்தைந்து நிமிஷம். அதற்குள் கிடந்து நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், யாரிடம் என்று தெரியாது. ஒரு வாய். ஒரே ஒரு வாய் நறுக்கென்று கடித்து மென்று தின்ன வேண்டும். குழலி எதிரில் உட்கார்ந்து தின்ன வேண்டும். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்றேன். என்ன வேண்டுமானாலும் என்று சொன்னேன். ஞாபகம் இருக்கிறது.

மறுநாளே அனுப்பிவிட்டார்கள். வலி அப்படியே இருந்தது. "உடனே போகாதும்மா. மூணு வாரமும் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம். சில பேருக்குப் போகாமலும் இருக்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வரியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். நாட்காட்டியில் ஆடி எத்தனையாவது தாள் என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் புரட்டும்போது குழலி அடுப்படியிலிருந்து பார்ப்பாள்.

மாசி கடைசி ஞாயிறு. குழலி தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள். "சமயபுரத்தா இன்னிக்குப் பச்சைப் பட்டினி ஆரம்பிக்கறாக்கா. நானும் இருக்கப்போறேன். உனக்காக."

உங்கள் பக்கம் இது உண்டோ என்னவோ. மற்ற கோயில்களில் சாமிக்காக ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள். சமயபுரத்தில் ஜனங்களுக்காக மாரியம்மன் கிடக்கிறாள். இருபத்தெட்டு நாள் அவளுக்குச் சமைத்த படையல் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்புச்சாறு, அவ்வளவுதான். அவளோடு சேர்ந்து ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். துள்ளுமாவு என்றால் பச்சரிசியை ஊறவைத்து இடித்து வெல்லம் சேர்ப்பது. குழலி அதையும் மோரில் கரைத்துத்தான் குடித்தாள்.

நான் பட்டம் வாங்கினவள். "அம்மன் பட்டினி கெடந்தா என் நரம்பு சரியாயிடுமாடி?" என்றேன்.

"கதிர் பட்டா சரியாவும்னு சொல்றாங்க, பட்டினி கெடந்தா சரியாவும்னு சொல்றாங்க. ரெண்டையும் நாம கண்ணால பாக்கலியேக்கா" என்றாள்.



இருபத்தெட்டு நாள் முடிந்தது. அம்மனுக்குப் படையல் போட்டார்கள். இவள் முடிக்கவில்லை. "அம்மனே சாப்பிட்டுட்டாளேடி" என்றேன். "அவளுக்கு ஊரெல்லாம் பிள்ளைங்க. எனக்கு நீ ஒருத்திதானே. உன் வலி போற வரைக்கும் இருக்கேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு ராசாம்பாள் என் முகத்துக்கு நேரே, "கூடப் பொறந்ததுன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வலியில் கிடக்கிறேன், புகழ் அவளுக்கு. ரவிக்கை தோளில் நிற்காமல் ஊக்குக் குத்திக்கொண்டாள். படுத்தால் இருமல். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்கினாள்.

"உக்காந்துக்கிட்டே தூங்கறது எந்த விரதத்துல சேத்தி?" என்று கேட்டேன்.

"இதே விரதந்தான்க்கா" என்றாள்.

எனக்குக் கதிர் வைத்துப் பதின்மூன்றாவது வாரம். வைகாசி ஆறாம் தேதி. மறந்துபோய் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முழு முகத்திலும் அடித்துக்கொண்டேன். அடித்த பிறகுதான் உறைத்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு தடவை அள்ளி அடித்தேன். வரவில்லை. "குழலி, ஃபேனைப் போடு!" என்று கத்தினேன். ஓடிவந்து போட்டாள். நாலு வருஷமாகச் சுற்றாத விசிறி, ஒட்டடையெல்லாம் எங்கள் தலைமேல் கொட்டியது. இரண்டு பேரும் அதற்குக் கீழே அப்படியே நின்றோம். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதில் நடிப்பு இல்லை. மற்றதெல்லாம் நடிப்பு என்றாலும் அதில் இல்லை.

மூன்று நாள் நம்பாமல் இருந்தேன். நாலாம் நாள் அப்பளம் பொரிக்கச் சொன்னேன். எதிரில் உட்காரவைத்துக்கொண்டு தின்றேன். நொறுக்கென்று என் தலைக்குள்ளேயே கேட்டது. நாலு அப்பளம். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "நீயும் தின்னுடி. உன் விரதம் முடிஞ்சுது" என்றேன்.

"நாளைக்குக்கா."

"என்ன நாளைக்கு? எனக்காக இருந்தே, நானே முடிச்சு வைக்கிறேன்." ஒரு துண்டை ஒடித்து அவள் வாயில் ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். என்னையே பார்த்துக்கொண்டு மென்றாள். அப்புறம் முழுங்கப் பார்த்தாள். எழுந்து கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். திரும்பி வந்தபோது மூக்கிலும் வழிந்திருந்தது.

"எறங்க மாட்டேங்குதுக்கா" என்றாள். "கார்த்திகையிலேருந்தே இப்படித்தான். இப்ப தண்ணிகூட நிக்கல. உன் வலி போவட்டும்னு பாத்தேன். போயிடுச்சுல்ல?"

திருச்சியில் காட்டினோம். உணவுக்குழாயில் புற்று. அந்த டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆறு மாசமா கூட இருந்தவங்க யாரும் கவனிக்கலையா?" அவளுக்கும் கதிர் கொடுத்தார்கள். வேறு இயந்திரம், வேறு கதிர். இருபது நாள்.

என் வருத்தம் என்னவென்றால், அவள் பொய் சொன்னாள். அதுதான். நான் என்ன ஜோசியம் தெரிந்தவளா? முப்பதாயிரம் புத்தகத்தில் ஒன்று தட்டு மாறியிருந்தாலும் வாசலில் நுழையும்போதே எனக்குத் தெரியும். இரண்டு அறை வீட்டில் என் கண்ணெதிரில் ஒளித்துவைத்திருந்தாள். சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் தடுத்தேனா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்கிறீர்களா? கேட்டேனே. இது எந்த விரதம் என்று கேட்டேனே.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள், கன்னத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? இந்தப் பக்கம் மரத்துவிட்டது. அதுவும் இந்த வைத்தியத்தில் சில பேருக்கு ஆகுமாம். காலையில் சாப்பிட்ட பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. கடைசி நாட்களில்கூட அவள்தான் படுத்தபடியே விரலால் காட்டுவாள், துடைச்சுக்கோ என்று.

அதோ, கதவு திறக்கிறது. அவர்தான். சட்டத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சிரித்துவிடுங்கள். ஸ்கேனுக்குத்தான் போகிறார், வர அரை மணி ஆகும். போகட்டும், நீங்கள் உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேன். அந்த டப்பாவை இப்படிக் கொடுங்கள். விரதம் என்று சொன்னீர்கள், கேட்டுக்கொண்டேன். அதைக் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. எனக்காக ஒரு வாய். பாவம் வந்தால் என் கணக்கில் வரட்டும். இட்லிதானே, பிட்டு வாயில் போடுங்கள். தண்ணீர் இல்லாமல். முழுங்குங்கள். முழுங்கிவிட்டீர்களா? தொண்டையில் நிற்கவில்லையே? இன்னொரு வாய்.

அந்த வருஷம் காவிரியில் ஆடி பிறக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. குழலி ஆவணி பதினொன்றாம் தேதி இறந்தாள்.